பழைய ஆமி லொறி திருத்துவது: திருமலையில் (திருகோணமலையில்) அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்

பழைய இராணுவ வாகனம் ஒன்று கராஜ் முன்னால் நின்றால் போதும், வீதியால் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வருவார்கள். உவர்மலையிலிருந்து வந்தாலும் கிண்ணியாவிலிருந்து வந்தாலும் கந்தளாயிலிருந்து வந்தாலும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். லொறி வாங்கக் காசோடு நிற்கிறவரும் வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்திருக்கிறவரும் முழுவதையும் ஒருதரம் வாசித்துவிட்டு ஸ்பானரைத் தொடுங்கள்.

பச்சை நிறத்தில நிக்கிறதெல்லாம் ஆமி லொறிதானா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நிறத்தை நம்பவேண்டாம். குனிந்து வண்டிக்குக் கீழே பாருங்கள். கியர்பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் பெட்டி என்கிற இன்னொரு சிறிய பெட்டி இருந்து, அதிலிருந்து முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஷாப்ட் போகிறதென்றால் அது நாலு சில்லும் இழுக்கிற வண்டி. பழைய பிரிட்டிஷ் லொறி என்றால் இன்னொரு அடையாளம் உண்டு. பின் அச்சின் நடுவில், வளைவில் இரு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிபரென்ஷல் உருண்டைக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் வெளிச்சம் விழும்படி ஒரு குட்டி விளக்குப் பூட்டியிருப்பார்கள். இரவில் பெரிய விளக்கில்லாமல் வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிறவர் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். கிறீசும் சேறும் படிந்து கிடக்கும். துணியால் துடைத்துப் பார்த்தால் தெரியும்.

வகை என்று பார்த்தால், இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் லொறி பெட்போர்ட் கியூ.எல். ஒன்று: 1941 முதல் 1945 வரை செய்தது, மூன்றரை லீட்டர் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அதன் தம்பி பெட்போர்ட் ஆர்.எல். 1953இல் வந்தது, 4.9 லீட்டர். அதற்கு அப்புறம் வந்தது பெட்போர்ட் எம்.கே. என்ற வகை. கனடாவில் செய்த போர்ட், செவர்லே லொறிகள், அமெரிக்க ஜீ.எம்.சி. ஆறு சில்லு லொறி, வில்லிஸ் ஜீப் இவையெல்லாம் அதே போர்க்காலத்தவை. கிட்டடியில் கழித்து விற்றவை என்றால் டாட்டாவும் அசோக் லேலண்டும்தான் கூடுதல். இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் பழைய பெற்றோல் லொறிகளைப் பற்றி. டாட்டா, லேலண்டுக்கு ஊரில் வேலை தெரிந்த பாஸ்மார் நிறைய இருக்கிறார்கள்.

திருமலைக்கும் இந்த லொறிகளுக்கும் அப்பிடி என்ன தொடர்பு?

துறைமுகம்தான். பிரிட்டிஷ் கடற்படை இங்கே பெரிய தளம் வைத்திருந்தது. சீனக்குடாவில் விமானத்தளம், அதையொட்டி எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் அதனால்தான். அவ்வளவு பெரிய தளத்துக்குச் சாமான் இழுக்க லொறியில்லாமல் முடியாது. 1957இல் அவர்கள் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். டொக்யார்டில் (கடற்படையின் கப்பல் திருத்துமிடத்தில்) வேலை செய்து எஞ்சின் வேலை பழகிய மனிதர்களின் கையிலிருந்துதான் இந்த ஊரின் பழைய மெக்கானிக் பரம்பரை வந்தது. இன்றைக்கும் சில வீடுகளில் தாத்தாவின் விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர்கள் சாக்கில் சுற்றிக் கிடக்கும். வைத்திருப்பவர்கள் எறிந்துவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்க வாங்கலாம்? காட்டுக்குள்ள ஒண்டு அநாதரவாக் கிடக்கு, இழுத்துக்கொண்டு வரலாமோ?

வரக்கூடாது. அநாதரவாகக் கிடக்கிற வண்டிக்கும் சொந்தக்காரர் இருப்பார். அரச காணியில் கிடந்தால் அரசுதான் சொந்தக்காரர். அதைவிடப் பெரிய விடயம், இது போர் நடந்த மாகாணம். பற்றைக்குள் கிடக்கிற பழைய வாகனத்தைச் சுற்றி என்ன புதைந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், போன அடித்தடத்திலேயே திரும்பி வந்து 119க்குச் சொல்லுங்கள்.

ஒழுங்கான வழிகள் இரண்டு. ஒன்று, படைகளோ அரச திணைக்களங்களோ கழிக்கிற வாகனங்களைக் கேள்விப்பத்திரத்திலோ ஏலத்திலோ எடுப்பது. மற்றது, ஏற்கெனவே பதிவாகி ஆள்மாறி வந்த வண்டியை உரிமையாளரிடம் வாங்குவது. முதல் வகையில் கவனமாக வாசிக்கவேண்டிய வரி ஒன்று இருக்கும்: ஓட்டுவதற்கென்று விற்கிறார்களா, பழைய இரும்பாக விற்கிறார்களா என்பது. இரும்பாக வாங்கியதை வீதியில் ஓட்டலாம் என்று கனவு காணவேண்டாம். காசு கட்ட முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிவு செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பாக்கப் போகேக்க முதல்ல எதைப் பாக்கவேணும்?

பதிவுப் புத்தகத்தை. அதிலுள்ள சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் வெட்டியிருக்கிற இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துவரவேண்டும். கம்பித் தூரிகையால் துருவைத் தட்டி, சோக்கை (சுண்ணக்கட்டியை) தேய்த்துப் பாருங்கள். வெட்டு எழுந்து தெரியும். ஒத்துவராவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வாருங்கள்.

இரண்டாவது சேசிஸ். எஞ்சினைத் திருத்தலாம், பொடியை (வண்டியின் உடம்புத் தகட்டை) அடித்து எடுக்கலாம். ஆனால் சேசிஸ் சட்டம் உள்ளுக்குள் அரிபட்டிருந்தால் செலவுக்கு அடியே தெரியாது. ஒரு சின்னச் சுத்தியலோடு போய், பின் ஸ்பிரிங் தொங்குகிற இடம், குறுக்குச் சட்டம் ரிவெட் அடித்த இடம், பற்றரித் தட்டுக்குக் கீழே, இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்தது மந்தமாகக் கேட்கும், செதில் உதிரும். ரிவெட் தலையைச் சுற்றி இரண்டு தகடுக்கும் நடுவில் துரு வீங்கி நின்றால் உள்ளே நிலைமை இன்னும் மோசம்.

மூன்றாவது, கடல்தண்ணீர் பட்டதா என்பது. 2004 சுனாமியில் மூழ்கி எழுந்த வாகனங்கள் இந்தக் கரையில் இன்றும் கைமாறுகின்றன. அச்சு, கியர்பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி மூன்றின் கீழ் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். தண்ணீர் ஒயிலுக்குக் கீழே நிற்பதால் அதுதான் முதலில் வரும். தண்ணீரோ பால்தேத்தண்ணி நிறத்தில் குழம்பிய ஒயிலோ வந்தால், உள்ளே பெயாரிங் எல்லாம் மாற்றுகிற கணக்கில் விலை பேசுங்கள்.

எஞ்சின் இறுகிக் கிடக்கு. சரி வராதா?

பெரும்பாலும் சரிவரும். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க எஞ்சின்கள் கனத்த வார்ப்பிரும்பு, அவசரப்பட்டால்தான் உடையும். இன்னொரு லொறியில் கட்டி இழுத்து, கியரில் போட்டு உதைக்கவைப்பதுதான் இங்கே வழக்கமாகச் செய்கிற காரியம். அதைச் செய்யவே வேண்டாம். இறுகிய வால்வு வளையும், கனெக்டிங் ரொட் வளையும், நல்ல எஞ்சின் ஒரு நிமிடத்தில் இரும்பாகிவிடும்.

எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒட்டோ கியர் ஒயிலும் டீசலும் கலந்து ஊற்றி நாட்கணக்கில் ஊறவிடுங்கள். குறைந்தால் திரும்ப ஊற்றுங்கள். இதற்கிடையில் சம்பிலுள்ள (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் தட்டிலுள்ள) பழைய ஒயிலை வடித்து, சம்பைக் கழற்றிக் கழுவிவிடுங்கள். பிறகு முன்னாலிருக்கிற கைப்பிடியால் மெதுவாக அசைக்கவேண்டும். ஒரு நூல் அசைந்தாலும் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். நாளைக்கு இரண்டு நூல் அசையும்.

முழுச் சுற்றும் சுற்றிய பிறகும் பிளக்கைப் பூட்டவேண்டாம். புது ஒயில் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஒயில் அழுத்தம் காட்டுகிற முள் எழும்பும்வரை பாருங்கள். வால்வு எல்லாம் ஏறி இறங்குகிறதா என்று மூடியைத் திறந்து கண்ணால் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் நெருப்பும் பெற்றோலும். செவர்லே, பெட்போர்ட் ஆறு சிலிண்டருக்கு வெடிக்கிற ஒழுங்கு 1-5-3-6-2-4. வில்லிஸ் ஜீப்புக்கு 1-3-4-2. வயர் மாறிப் பூட்டியதால் ஸ்டார்ட் ஆகாமல் "எஞ்சின் செத்துப்போச்சு" என்று விற்ற வண்டிகளும் உண்டு.

கைப்பிடி பிடிக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். பெருவிரலால் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கிற நேரம் கை முறியும்.

வீட்டு கார் பற்றரியைக் கொழுவிப் பாக்கலாமோ?

முதலில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். போர்க்கால வில்லிஸ் 6 வோல்ட். பெட்போர்ட் பல 12 வோல்ட்; ஆனால் வானொலி பூட்டிய வகை 24 வோல்ட், இரண்டு பற்றரித் தட்டு இருக்கும். ஸ்டார்ட்டரிலும் டைனமோவிலும் உள்ள தகட்டில் எழுதியிருக்கும்.

அடுத்தது, எந்த முனை பொடியில் பூட்டியிருக்கிறது என்பது. பழைய பிரிட்டிஷ் வாகனங்கள் பலவற்றில் பொசிட்டிவ் முனைதான் பொடிக்குப் போகும். நாம் பழகிய கார்களுக்கு இது நேர்மாறு. பழக்கத்தில் மாற்றிக் கொழுவினால் டைனமோ வேலை செய்யாது, நடுவில் யாராவது பூட்டிய நவீன சாமான் எல்லாம் புகையும். துணி சுற்றிய பழைய வயர் என்றால் பற்றரி கொழுவவே வேண்டாம். அந்த உறை தொட்டாலே தூளாகும். முழு வயரிங்கையும் மாற்றிவிட்டுத்தான் மின்சாரம். பழைய வயரை ஒவ்வொன்றாக எடுத்து, நிறமும் போகிற இடமும் குறித்து, அதே நீளத்தில் புதிது போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டி எடுத்தவர்கள் பிறகு மாதக்கணக்கில் இருந்து யோசிக்கிறார்கள்.

இப்ப வாற பெற்றோல் இதுக்கு ஒத்துவருமா? ஈயம் இல்லையாமே?

92 ஒக்டேன் தாராளமாகப் போதும். 95க்குக் காசைக் கொட்டவேண்டாம். இந்த எஞ்சின்கள் போர்க்களத்தில் கிடைக்கிற மட்டமான பெற்றோலிலும் ஓடவேண்டும் என்று குறைந்த அமுக்கத்தில் செய்தவை. வில்லிஸில் அமுக்க விகிதம் 6.5ஐக்கூடத் தொடாது.

ஈயம் போனதால் வால்வு இருக்கை தேயும் என்பது உண்மைதான். ஆனால் அது பாரம் ஏற்றி நீண்ட தூரம் வேகமாக ஓடினால்தான் தொந்தரவு. ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி வரை போய்வருகிற லொறிக்கு அவசரமில்லை. ஹெட்டைக் கழற்றுகிற தேவை வந்தால் அப்போது கடினமான இருக்கை போட்டுவிடுங்கள். உடனே கவனிக்கவேண்டியது பெற்றோல் தாங்கிக்குள் இருக்கிற துருவும், விறைத்துப்போன பழைய ரப்பர் குழாய்களும். சூடான எஞ்சின்மேல் ஒரு துளி சொட்டினால் லொறி போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய பெட்போர்ட் லீட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஓடாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எஞ்சின் ஓடுது! கராஜைச் சுத்தி ஒரு ரவுண்ட் போகட்டோ?

வேண்டாம். எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். எஞ்சின் சத்தம் கேட்டதும் பொடியன்மார் பின்னால் ஏறிவிடுவார்கள், யாராவது கைப்பேசியில் படம் எடுப்பார்கள், லொறி நகரும். நாலு தொன்னுக்குக் கிட்ட இரும்பு ஒரு சின்னச் சரிவில் உருளத் தொடங்கினால் மனிதர்களால் பிடிக்க முடியாது. என் கராஜில் பிரேக் வேலை முடியும்வரை ஷாப்டைப் பூட்டுவதில்லை. எஞ்சின் ஓடலாம், லொறி நகராது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் நம்பக்கூடிய பழைய பாகம் என்று ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு சில்லிலும் டிரம்மைக் கழற்றி, சில்லுச் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கசிகிறது. துருத் தூள் பூத்திருந்தால் உள்ளே அரித்திருக்கிறது. பிஸ்டனை வெளியே எடுத்து, உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை. அந்தச் சிலிண்டரைக் கடைசல்காரரிடம் கொடுத்துத் துருப்பிடிக்காத உருக்கில் உறை போடவேண்டும். இரும்புக் குழாய் முழுவதையும் மாற்றுங்கள். வெளியே பெயின்ற் நன்றாக இருக்கும், கிளிப் பிடித்த இடத்தில் உள்ளுக்குள் தின்றிருக்கும்.

கழுவுவதற்கு ஸ்பிரிட் மட்டும். பெற்றோல், டீசல், எஞ்சின் ஒயில் எது பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். புது பிரேக் ஒயில் டொட் 3 அல்லது 4 போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம்முடைய கடற்கரை ஈரத்தில் இன்னும் வேகமாக இழுக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றால் ஊதவே வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. தண்ணீரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியையும் பைக்குள் கட்டி எறியுங்கள்.

ஹேண்ட் பிரேக் நல்லாப் பிடிக்குது. அது காணும்தானே?

காணாது. வில்லிஸிலும் லேண்ட் ரோவரிலும் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து பின்னுக்குப் போகிற ஷாப்டைப் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றை ஜக்கில் தூக்கினால், டிபரென்ஷல் அந்தச் சில்லைச் சுற்றவிட்டு மற்றச் சில்லை உருளவிடும். ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்திருந்தும் வண்டி ஜக்கிலிருந்து சரியும். எந்த வேலைக்கும் முதல் இரு பக்கமும் கல்லோ கட்டையோ வையுங்கள்.

டயர் கழட்டத் தெரிஞ்ச பொடியன் கடையில இருக்கான். குடுத்தாக் கழட்டித் தருவான்தானே?

எந்த வகை ரிம் என்று நீங்கள் பார்த்த பிறகுதான் கொடுக்கலாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

போர்க்கால பிரிட்டிஷ் லொறிகளில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் ஒரு வட்டம் நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். சில்லை அச்சில் பூட்டுகிற நட்டு வேறு, இரண்டு பாதியையும் சேர்க்கிற நட்டு வேறு. பாதி சேர்க்கிற நட்டுக்கு ஆபத்து என்று காட்ட அந்தக் காலத்தில் சிவப்பு அடித்திருந்தார்கள். பிறகு மேல்மேலாகப் பச்சை அடித்து அந்தச் சிவப்பு மறைந்து கிடக்கிறது. காற்று நிற்கும்போது அதைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரியும். எதிரே நிற்கிற ஆள் தப்பமாட்டார். அதனால் லொறி வந்த முதல் நாளே வால்வுக் கம்பியைக் கழற்றி, கம்பி ஒன்றை விட்டுக் குத்திப் பார்த்து, காற்று முழுதாக இறங்கியதை உறுதிசெய்யுங்கள். அந்த நட்டுகளுக்குத் திரும்பச் சிவப்பு அடித்துவிடுங்கள். காட்சிக்கு அழகில்லை என்று சிலர் சொல்வார்கள், கேட்கவேண்டாம்.

பூட்டு வளையம் போடுகிற ரிம் வேறு வகை. அதில் காற்று அடிக்கும்போது இரும்புக் கூட்டுக்குள் வைத்து, நீட்டுக் குழாயால், பக்கவாட்டில் நின்று அடிக்கவேண்டும். வளையத்தில் துரு தின்ற பள்ளம் தெரிந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

சில்லு நட்டு ஒரு பக்கம் கழலுது, மத்தப் பக்கம் எவ்வளவு மிதிச்சாலும் கழலுதில்ல. ஏன்?

பெட்போர்ட் போன்ற பிரிட்டிஷ் லொறிகளில் இடப்பக்கச் சில்லு நட்டுக்கு இடப்புரி. வலப்பக்கம் கழற்றுகிற மாதிரி மிதித்தால் இன்னும் இறுகும், கடைசியில் போல்ட் முறியும். முனையில் எல் எழுத்து வெட்டியிருக்கும்.

டயர் எங்க கிடைக்கும்?

ஆர்.எல். லொறிக்கு 11.00-20, எம்.கே.க்கு 12.00-20. லொறி டயர் விற்கிற பெரிய கடைகளில் சொல்லி எடுக்கலாம். கியூ.எல். போட்டது 10.50-20. அது இப்போது அரிது. தேடுவதற்கு முதல் கிட்டிய அளவு ரிம்மில் உட்காருமா என்று கடைக்காரரோடு பேசுங்கள். வில்லிஸின் 6.00-16 உழவு இயந்திரத்தின் முன்டயராக ஊரெல்லாம் கிடைக்கிறது. கராஜுக்குள் தள்ளித் திரிய அது நல்லது. தார் வீதி வேகத்துக்குச் செய்த டயர் இல்லை, அதனால் அதைப் போட்டுக்கொண்டு கண்டி வீதியில் ஏறவேண்டாம்.

எங்கட ஸ்பானர் ஒண்டும் சரியாப் பிடிக்குதில்ல. நட்டெல்லாம் உருளுது.

தாத்தாவின் சாக்கை அவிழ்க்கிற நேரம் இது. போர்க்கால பிரிட்டிஷ் லொறிகளில் விட்வர்த், பி.எஸ்.எப். என்ற பழைய பிரிட்டிஷ் புரிகள். அந்த ஸ்பானரில் எழுதியிருக்கிற அளவு போல்ட்டின் தடிப்பைத்தான் சொல்லும், நட்டின் அகலத்தை அல்ல. அமெரிக்க வண்டிகளிலும் 1950களுக்குப் பிந்திய பெட்போர்டுகளிலும் யூ.என்.எப். புரிதான் கூடுதல்; அதில் அளவு நட்டின் அகலம். மில்லிமீற்றர் ஸ்பானர் இரண்டுக்கும் கிட்டக்கிட்ட வரும், அதனால்தான் நட்டு உருளுகிறது. புரியின் கோணமும் வேறு: விட்வர்த் 55 பாகை, யூ.என்.எப். 60 பாகை. ஒன்றின் நட்டை மற்றதில் பலவந்தமாக ஏற்றினால் ஏறினமாதிரி இருக்கும், பாரத்தில் உரியும். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் அப்படி ஒரு நட்டுக்கூட இருக்கக்கூடாது.

சாமான் எங்க எடுக்கிறது? வெளிநாட்டில இருந்துதான் வரவேணுமோ?

பாதிக்கு மேல் இங்கேயே முடியும். கையில் பழைய சாமானோடு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். பெயரைச் சொன்னால் இல்லை என்பார்கள், சாமானைக் காட்டினால் உள்ளே போய்த் தேடுவார்கள். பெயாரிங்கும் ஒயில் சீலும் அளவைப் பார்த்து எடுக்கிறவை, எந்த லொறிக்கு என்று சொல்லத் தேவையில்லை. நீண்டமூக்கு பெட்போர்ட் இந்த நாட்டில் எவ்வளவு ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் எஞ்சின், கிளட்ச் சாமான்கள் சிலவற்றை ஆமி பெட்போர்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புஷ், பின், ஷாப்ட் எல்லாம் நல்ல லேத் பாஸ் ஒருவர் கடைந்து தருவார். ரேடியேட்டர் பித்தளை, செம்பு என்றால் எறியாதீர்கள், ஈயம் வைத்து அடைக்கலாம்.

வெளியிலிருந்து எடுப்பதை பிரேக் ரப்பர், கார்பரேட்டர் கிற், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று சின்னச் சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்சலில் வரும், பெறுமதி அதிகம், பாரம் குறைவு.

கிளட்ச் வழுக்குது. புதுத் தட்டுப் போட்டும் வழுக்குது.

கிளட்ச் வீட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இந்த வண்டிகள் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் ஏறாமல் அதில் ஒரு பிளக் பூட்டுவார்கள், ஏறியதும் கழற்றவேண்டும். யாரோ பூட்டியதை அப்படியே விட்டிருந்தால், பின்சீலில் கசிகிற ஒயில் வெளியே போக வழியில்லாமல் தட்டை நனைக்கும். பிளக்கைக் கழற்றிப் பக்கத்தில் பத்திரப்படுத்துங்கள், பிறகு சீலை மாற்றுங்கள்.

நாலு சில்லையும் போட்டு ஓட்டினா இறுகி நிக்குது. லீவர் திரும்பி வருகுதில்ல.

தார் வீதியில் போட்டிருப்பீர்கள். இவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிபரென்ஷல் இல்லை. வளைவில் முன்சில்லு கூடுதல் தூரம் ஓடவேண்டும். மணலில் சில்லு வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும், தாரில் சமாளிக்க இடமில்லாமல் முறுக்கு ஷாப்டில் ஏறும். நேராகப் பின்னால் கொஞ்சம் ஓட்டுங்கள், அல்லது ஒரு சில்லை மணலில் இறக்குங்கள்; லீவர் தானாக விடும். சுத்தியலால் அடிக்கவேண்டாம்.

எவ்வளவு அடிச்சாலும் ஆறு மாதத்தில துரு திரும்ப வருகுது. கடல்காத்துக்கு மருந்து என்ன?

உப்பைக் கழுவாமல் பெயின்ற் அடிப்பதுதான் காரணம். துரு தட்டிய இரும்பு கண்ணுக்கு வெள்ளையாக இருந்தாலும் நுண்துளைக்குள் உப்பு இருக்கும்; பெயின்றுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டு கொப்பளமாக எழும்பும். தட்டுங்கள், நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவுங்கள், உலரவிடுங்கள், திரும்பத் தட்டிக் கழுவுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். குழாய்த் தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர் எடுங்கள். உலர்ந்த அன்றே முதல்பூச்சு ஏறவேண்டும், இரவைத் தாண்டக்கூடாது. கீழ்ப்பகுதிக்குத் துத்தநாகம் கலந்த பூச்சு, மேலே எப்பொக்சி, அதற்கு மேல் நிறம்.

மணல் அடித்துச் சுத்தம் செய்வதென்றால் கடற்கரை மணலை அள்ளிப் போடவே வேண்டாம். உப்பை இரும்புக்குள் அடித்து ஏற்றுகிறீர்கள். அதைவிட, அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா அடிக்கிற ஆளின் நுரையீரலைத் தின்னும். இதற்கென்று விற்கிற கார்னெட் மணலும் தலைமூடியும் உள்ள ஆளிடம் கொடுங்கள். பெட்போர்ட் கூரையில் வட்டமான ஒரு திறப்பு இருக்கும், வானத்தைப் பார்த்து நிற்கிற ஆளுக்கு. அதன் ரப்பர் செத்திருந்தால் மழை உள்ளே இறங்கி, கபின் தரை அடியிலிருந்து அழுகும். தரையைத் திருத்த முதல் கூரையைத் திருத்துங்கள்.

என்ன நிறம் அடிக்கிறது? புள்ளி புள்ளியா ஆமி நிறம் அடிக்கலாமோ?

புள்ளி நிறமும் படைப்பிரிவுச் சின்னமும் வேண்டாம். சோதனைச் சாவடியிலும் வீதியிலும் தேவையில்லாத கேள்வி வரும். நிறம் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, அதனால் மாற்றினால் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். வண்டி முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று லொறியே சொல்லும். கதவின் ஒரு மூலையில் உள்ளங்கையளவு இடத்தை ஈரமான மெல்லிய எமரித்தாளால் வட்டமாகத் தேயுங்கள். ஒவ்வொரு பூச்சாக வளையம் வளையமாகத் தெரியும்: மேலே பச்சை, அதற்குள் மஞ்சள், இன்னொரு பச்சை, கடைசியில் கரும்பச்சை அல்லது சாம்பல் நீலம். சாம்பல் நீலம் வந்தால் அது விமானப்படையில் நின்றிருக்கலாம். முன்கவசத்தில் இப்படித் தேய்த்தால் சிலவேளை பழைய படை இலக்கமும் வரும், நடுவில் ஆர்.என். என்ற எழுத்து நின்றால் பிரிட்டிஷ் கடற்படை வண்டி. அந்த இடத்தை மூடி அடிக்காமல் அப்படியே வார்னிஷ் பூசி விட்டுவிடுங்கள்.

டீசல் எஞ்சின் போட்டா செலவு குறையும்தானே? போட்டா என்ன?

ஓட்டிப் பிழைக்கிற லொறி என்றால் போடுங்கள். பெட்போர்டுக்கு பெட்போர்டின் சொந்த டீசலோ பேர்க்கின்ஸ் ஆறு சிலிண்டரோ பல நாடுகளில் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் சேசிஸை வெட்டாமல், புதுத் தாங்கிகளை போல்ட்டால் பூட்டுங்கள். பழைய எஞ்சினை எண்ணெய் பூசி மூலையில் வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைக்குத் திரும்பப் பூட்ட மனம் வரலாம். எஞ்சின் இலக்கம் மாறுவதால் பதிவிலும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் இலக்கம் பற்றி மேலே சொன்ன சிக்கல் உங்களுக்கே வரும். பிரேக்குக்கு உதவுகிற வெற்றிட சேர்வோ பெற்றோல் எஞ்சின் உறிஞ்சுவதில் வேலை செய்வது. டீசல் அப்படி உறிஞ்சாது. தனி வெற்றிடப் பம்ப் போடாவிட்டால் பிரேக் கல்லாக இருக்கும். இதை மறந்து கொண்டுவந்த லொறிகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ரெண்டு அரைகுறை லொறி இருக்கு. சேர்த்து ஒண்டாக்கலாமோ?

எஞ்சின், கியர்பெட்டி, கபின் மாற்றலாம். சேசிஸ் எதுவோ அதுதான் லொறி. அதன் இலக்கமும் புத்தகமும்தான் செல்லும். ஒன்றின் இலக்கத் துண்டை வெட்டி மற்றதில் ஒட்டுவது குற்றம். அதற்கு வெல்டிங் செய்யச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள்.

ஆமி லொறி சத்தம் கேட்டாலே எங்கட அம்மா உள்ளுக்குப் போயிடுவா. இதையெல்லாம் ஏன் திருத்துறீங்க?

இந்தக் கேள்வியை இளையவர் ஒருவர் கேட்டார், பிறகு வேறு பலரும் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு அந்தச் சத்தம் சுற்றிவளைப்பின் சத்தம். அவர்களுக்கு "இது வெறும் பழைய வண்டி" என்று விளக்கம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதனால் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறேன்: குடியிருப்புக்குள் இரவில் ஓட்டுவதில்லை, தெரிந்த முதியவர்கள் இருக்கிற ஒழுங்கையால் போவதென்றால் முதலில் போய்ச் சொல்வேன், சின்னமும் புள்ளி நிறமும் அடிப்பதில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

ஏன் திருத்துகிறேன் என்றால், இந்த இரும்பில் வேலை செய்த கைகள் நம்முடையவை. டொக்யார்டில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பெஞ்சில் நின்று பழகிய வேலை இது. விட்வர்த் நட்டைக் கண்ணால் பார்த்து அளவு சொல்கிற மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். லொறி இருந்தால் அவர்கள் வந்து தொட்டுப் பார்த்துச் சொல்லித் தருவார்கள். பழைய இரும்புக்குப் போனால் அந்த அறிவும் அதோடு போகும்.

எல்லாம் முடிய எவ்வளவு செல்லும்?

ஒரே தொகை சொல்கிறவரை நம்பவேண்டாம். வாங்குகிற விலையைப் போலப் பல மடங்கு திருத்தப் போகும் என்று வைத்துக்கொண்டு, காசை பிரேக், டயர், ஸ்டியரிங், வயரிங், எஞ்சின், பொடி, பெயின்ற் என்ற ஒழுங்கில் செலவழியுங்கள். இடையில் காசு முடிந்தாலும் பெயின்ற் இல்லாத, ஆனால் பாதுகாப்பான லொறி கையில் இருக்கும்.

மாரி வருகுது. மாதக்கணக்கா ஓடாம நிக்கப்போகுது. என்ன செய்யவேணும்?

ஐப்பசிக்கு முதல் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி உலர்த்துங்கள். அச்சுகளைக் கட்டையில் ஏற்றி டயரின் பாரத்தைக் குறையுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பெற்றோல் தாங்கியை நிரப்பிவிடுங்கள். பாதித் தாங்கியில்தான் ஈரம் வேர்த்துத் துரு பிடிக்கும். கிளட்ச் மிதியைக் கட்டையால் அழுத்திவைத்தால் தட்டு ஒட்டாது. தார்ப்பாயை நேரே பொடியில் படவிடாமல், கம்பு கட்டிக் காற்றோட்டத்தோடு போடுங்கள்.

தை பிறந்து ஸ்டார்ட் பண்ண முதல் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும். சைலன்சர் குழாயையும் கம்பியால் குத்திப் பாருங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா என்று டாஷ்போர்டுக்குப் பின்னால் ரோச் அடித்துப் பார்த்துவிட்டுப் பற்றரியைக் கொழுவுங்கள்.